சலவைத் தூள் சீக்கிரம் தீர்ந்துபோகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

சலவைச் செலவு ஏறினால் உடனே பவுடர் பிராண்டை மாற்றிப் பார்க்கிறோம். அதைக் கடைசியாகச் செய்தால் போதும். நம் ஊர் வீடுகளில் பவுடர் வீணாவதற்குத் தண்ணீர்தான் முக்கியக் காரணம், அதற்கடுத்து போடும் அளவு, பிறகு ஒழுங்காக வெளுக்கவில்லை என்று அதே துணியை இரண்டாம் முறை துவைப்பது. இதில் எதுவும் பிராண்டை மாற்றினால் தீராது. உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி கீழே எங்கே இருக்கிறதோ அங்கிருந்து படியுங்கள். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை என்றால் முதல் அறிகுறியிலிருந்தே தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற பல தொல்லைகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அறிகுறி: எவ்வளவு போட்டாலும் நுரை வரவில்லை

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டிலிருந்து அதே ஊரில் போர் தண்ணீர் மட்டும் உள்ள அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களைக் கேளுங்கள், அதே பவுடர், அதே மெஷின், ஆனால் மாதச் செலவு வேறு என்பார்கள். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் கரைந்திருக்கும். சோப்பு அழுக்கைத் தொடுவதற்கு முன்பே இந்த இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு தயிர் திரிந்த மாதிரி ஒரு கசடாக மாற்றிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு என்று புரியும். இந்த இரண்டின் அளவைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம், அது லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தால், 15 லிட்டர் வாளியில் சுமார் 27 கிராம் அசல் சோப்பு ஒரு துணியைக்கூடத் துவைக்காமல் வீணாகப் போய்விடும். டிடர்ஜென்ட் பவுடர், லிக்விட் ஆகியவை இந்த அளவுக்குத் திரியாது, ஆனாலும் அவற்றின் வேலையும் குறையும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒன்றில் ஆர்ஓ குடிநீர், இன்னொன்றில் துவைக்கும் குழாய்த் தண்ணீர், இரண்டிலும் பாதி வரை நிரப்புங்கள். குளியல் சோப்பைச் சுரண்டி ஒரே அளவு போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். குழாய்த் தண்ணீர் பாட்டிலில் நுரை நிற்காமல் தண்ணீர் மட்டும் பால் மாதிரி கலங்கினால் உங்கள் எதிரி தண்ணீர்தான். எண் தெரிய வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அடுக்குமாடியில் இருந்தால் சங்கத்திடம் ஏற்கெனவே அறிக்கை இருக்கலாம், அதில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் இது அல்ல, அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது. டிடிஎஸ் அதிகமாக இருந்தும் கடினத்தன்மை குறைவாக இருக்கும் தண்ணீர் உண்டு.

சரி, கடினத் தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டது. இதற்குக் கைகொடுப்பது வாஷிங் சோடா. ஆப்பத்துக்குப் போடும் சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு, கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள், அதிலும் காஸ்டிக் சோடா கையையே அரித்துவிடும். வாஷிங் சோடா தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்து அடியில் படிய வைத்துவிடும், அதனால் விலை அதிகமான பவுடர் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. மேலே சொன்ன 300 கடினத்தன்மை, 15 லிட்டர் வாளிக்கு ஈரமில்லாத சோடாத் தூள் 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு சின்ன ஸ்பூன் போதும். படிகமாக விற்பது என்றால் அதில் பாதிக்கு மேல் நீர்தான், இரண்டரை மடங்கு போட வேண்டும். முதலில் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் பவுடர் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் பாதிப் பலன்தான். பட்டு, கம்பளித் துணிகளுக்கு மட்டும் சோடா கூடாது.

நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தாலும் அதைத் துவைக்கும் தண்ணீராக வைத்துக்கொண்டு, அலசுவதற்குப் போர் தண்ணீரை எடுங்கள். நிறைய பேர் இதை மாற்றிச் செய்கிறார்கள், கடைசி அலசலுக்குத்தான் நல்ல தண்ணீர் என்று. பவுடர் வேலை செய்வது முதல் தண்ணீரில்தான். வாளியிலும் செமி ஆட்டோமேட்டிக்கிலும் இது சுலபம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் மழைத் தண்ணீர் மாதிரி மென்மையானது, ஒரு வாளி வைத்துப் பிடித்தால் காலர் தேய்க்கவும் வெள்ளைத் துணி ஊறவைக்கவும் அருமையாக உதவும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்து வைத்துத் துணி துவைக்கும் வீடுகள் ஏராளம், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் சேர்ந்திருக்கிறது, உங்கள் குழாய்த் தண்ணீரைவிடக் கடினமானது. அதில் துவைத்தால் மிச்சம் பிடித்த தண்ணீரின் மதிப்பு பவுடரில் போய்விடும். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுக்குமாடியில் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி இருந்தும் திடீரென நுரை குறைந்தால், அதில் உப்புப் போட்டு ரீஜெனரேட் செய்தார்களா, அதாவது மறுபடி வேலை செய்யும்படி புதுப்பித்தார்களா என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள். அதைத் தவறவிட்டால் அந்தக் கருவி வெறும் குழாய்தான்.

அறிகுறி: நுரை பொங்குகிறது, அலசி அலசி மாளவில்லை

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர், அளவு அதிகம். நுரைதான் சுத்தம் என்று நாம் பழகிவிட்டோம், ஆனால் அழுக்கை எடுப்பது நுரை அல்ல. ஃப்ரண்ட் லோடில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே துணி மேலிருந்து கீழே விழுந்து அடிபடுவதால்தான் அழுக்குப் போகிறது, நுரை மெத்தை போல் நின்று அந்த அடியைத் தடுத்துவிடும். பல மெஷின்கள் நுரை அதிகம் என்று தெரிந்தால் தானாகவே கூடுதலாக அலசும், அப்போது தண்ணீரும் கரண்டும் சேர்ந்து வீண்.

டாப் லோட் பவுடரையும் கைத்துவைப்புப் பவுடரையும் ஃப்ரண்ட் லோடில் போடாதீர்கள். விலை குறைவு என்று போட்டால் வருவது இந்த நுரைதான். அளவுக்கு, பாக்கெட்டில் எழுதியிருப்பதை ஒருமுறை சமையலறைத் தராசில் எடைபோட்டு, அது உங்கள் வீட்டு ஸ்பூனில் எத்தனை என்று குறித்து டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். கண்ணளவில் கைப்பிடியாக அள்ளிப் போடும் பழக்கம் போனாலே டப்பா தாமதமாகத் தீர ஆரம்பிக்கும். அப்புறம், பாக்கெட் அளவு முழு மெஷினுக்கானது. பாதி மெஷினுக்கு அதே அளவு போட வேண்டியதில்லை, மண்ணும் வியர்வையும் இல்லாமல் ஆபீஸ் போய் வந்த துணிக்கு இன்னும் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வாருங்கள், காலர் அழுக்குப் போகாமல் நின்றால் அதற்கு முந்தைய அளவுதான் உங்கள் வீட்டு அளவு.

அறிகுறி: பவுடர் டிராயரிலேயே கட்டியாக நிற்கிறது

மேல் மாடியில் இருக்கிறீர்களா? மொட்டைமாடித் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் அழுத்தம் குறைவு, தண்ணீர் டிராயரைக் கழுவும் வேகத்தில் வராது. போட்ட பவுடரில் ஒரு பகுதி துணிக்கே போகாமல் அங்கேயே பாறையாகிவிடும். லிக்விடுக்கு மாறலாம், அல்லது பவுடரை ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அதற்கு முன் குழாயும் மெஷினும் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள், லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் அதில் மணல் அடைத்திருக்கும், கழுவினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொன்று, எந்த அறையில் போடுகிறீர்கள் என்று பாருங்கள். ஃப்ரண்ட் லோடில் பெரும்பாலும் ஒற்றைக் கோடு போட்டது முன் துவைப்புக்கு, இரட்டைக் கோடு போட்டது முக்கியத் துவைப்புக்கு, பூப் படம் துணியை மென்மையாக்கும் கம்ஃபர்ட் மாதிரியானவற்றுக்கு. ஒற்றைக் கோட்டு அறையில் போட்டுவிட்டுச் சாதாரணத் துவைப்பை ஓட்டினால் பவுடர் அப்படியே கிடக்கும்.

அறிகுறி: கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு

வெறும் தண்ணீரில் ஒரு மூலையை நனைத்துத் தேயுங்கள். போய்விட்டால் அது கரையாத பவுடர், அளவைக் குறையுங்கள், மெஷினைத் திணிக்காதீர்கள். போகவில்லை, ஆனால் எலுமிச்சைச் சாறு தடவினால் போகிறது என்றால் அது தண்ணீரின் சுண்ணாம்பு, முதல் பகுதிக்குத் திரும்புங்கள். கறுப்புத் துணிக்குச் சோடாவையும் குறைத்துப் போடுங்கள்.

அறிகுறி: வெள்ளை வேட்டியும் பள்ளிச் சீருடையும் பழுப்பாகின்றன

அதிகப் பணம் வீணாவது இங்கேதான், ஏனென்றால் பழுப்பைப் பார்த்ததும் நீலம், பிளீச், விலை உயர்ந்த பவுடர் என்று வரிசையாக வாங்குகிறோம்.

துணியிலிருந்து வந்த அழுக்கு தண்ணீரில் மிதந்துவிட்டு மறுபடியும் துணியிலேயே போய் உட்காருவதால்தான் பெரும்பாலும் பழுப்பு வருகிறது. கடினத் தண்ணீரில் சோப்புக் கசடும் அதோடு சேர்ந்துகொள்ளும். மெஷினை வாய் வரை திணிப்பதும், கலர்த் துணியோடு வெள்ளையைப் போடுவதும், வெள்ளைக்கு மட்டும் அளவைக் குறைப்பதும் இதைக் கூட்டும். ஆமாம், நான் அளவைக் குறைக்கச் சொன்னது லேசான அழுக்குக்கு, வெள்ளைப் பருத்திக்கு அல்ல. அங்கே முழு அளவு போட்டு ஒரே முறையில் வெளுப்பதுதான் சிக்கனம்.

ஏற்கெனவே பழுப்பாகிவிட்ட பருத்தி வெள்ளையை மீட்க, கை பொறுக்கும் அளவுச் சூட்டு நீரில் வாஷிங் சோடாவும் பவுடரும் கரைத்து ஓர் இரவு ஊறவையுங்கள். நம் ஊரில் வெள்ளாவி வைத்தவர்கள் உவர்மண்ணையும் நீராவியையும் சேர்த்துச் செய்தது இதைத்தான், உவர்மண்ணின் காரமும் சூடும் சேர்ந்து அழுக்கைக் கழற்றும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் சலவைத் தூளே இல்லாமல் பால் வெள்ளையைக் கொண்டுவந்தார்கள், அந்த அறிவு மதிக்கப்பட வேண்டியது. இப்போது கிடைக்கும் ஆக்சிஜன் பிளீச் தூளும் நல்லது, அதைச் சூட்டு நீரில் கலந்தால்தான் நன்றாக வேலை செய்யும், பச்சைத் தண்ணீரில் போட்டு உடனே அலசினால் காசு போச்சு.

குளோரின் பிளீச் போட்டதும் துணி மஞ்சளாகிறது என்றால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. வாளியில் பிடித்து வைத்த போர் தண்ணீர் சிறிது நேரத்தில் செம்மஞ்சளாக மாறுகிறதா என்று பாருங்கள். கரைந்திருக்கும் இரும்பைக் குளோரின் துருவாக்கித் துணியில் படிய வைத்துவிடும், எனவே இன்னும் கொஞ்சம் பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகும். அந்த வீட்டில் குளோரின் பிளீச்சே வேண்டாம். படிந்த துருக் கறைக்கு எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். ஆனால் பிளீச் தொட்ட துணியை நன்றாக அலசிய பிறகே எலுமிச்சை, வினிகர், சிட்ரிக் அமிலம் எதையும் தொட விடுங்கள். குளோரின் பிளீச்சும் அமிலமும் கலந்தால் நச்சு வாயு வரும், பூட்டிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கழிவறை ஆசிட்டும் அதே வகைதான்.

சொட்டு நீலம் அழுக்கை எடுப்பதில்லை, மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான். துவைத்து முடித்த வெள்ளைக்குக் கடைசி அலசலில் போடலாம், பழுப்பாகிய துணிக்குப் போட்டால் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். வேட்டிக்குக் கஞ்சி போடும் பழக்கத்தை விடாதீர்கள், வியர்வையும் தூசியும் நூலில் ஏறாமல் கஞ்சியின் மேல் தங்கும், அடுத்த முறை கஞ்சியோடு சேர்ந்தே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வேண்டாம், கஞ்சியில் பூஞ்சை பிடிக்கும்.

அறிகுறி: ஒரு கறைக்காக மொத்தத் துணியையும் இரண்டாவது தடவை துவைக்கிறேன்

துவைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்தால் இது வேண்டாம். காலரையும் கைமடிப்பையும் நனைத்து பார் சோப்பைத் தேய்த்து ஒரு கால் மணி நேரம் வையுங்கள். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, தண்ணீர் படுவதற்கு முன்பே. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும், சூட்டு நீர் பட்டால் அது வெந்து நூலோடு ஒட்டிவிடும். பேனா மைக்கு சானிடைசர்.

மஞ்சள் கறைக்குப் பலர் பதறுகிறார்கள். சாம்பார் பட்ட சட்டையில் சோப்பு போட்டதும் கறை ரத்தச் சிவப்பாகும், ஏனென்றால் மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும். துணி கெட்டுவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் சோப்பு போடாதீர்கள். அலசிவிட்டு நேர் வெயிலில், கறை மேலே தெரியும்படி உலர்த்துங்கள், வெளிச்சம் அந்த நிறத்தை உடைத்துவிடும். மிச்சம் இருந்தால் மறுநாளும் வெயில். வாழைக்கறை மட்டும் இப்படிப் போகாது, வாழைத்தார் வெட்டும்போதும் வாழைப்பூ ஆயும்போதும் பழைய துணியை உடுத்துவதுதான் ஒரே வழி.

அறிகுறி: துவைத்த துணியிலும் நாற்றம்

வாசனைப் பவுடரும் கம்ஃபர்ட்டும் இதற்குத் தீர்வு இல்லை. ஈரத் துணி மெஷினுக்குள் மணிக்கணக்கில் கிடந்தால், அல்லது மழைக்காலத்தில் நெருக்கமாகத் தொங்கி நாள் முழுக்கக் காயாமல் இருந்தால், கிருமி பெருகி அந்த ஊசல் வாடை வரும். சுழற்சி முடிந்ததும் எடுங்கள், இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள், இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். மின்விசிறிக்கு ஆகும் கரண்ட் மறுபடி துவைப்பதைவிடக் குறைவு.

எல்லாத் துணியிலும் ஒரே வாடை என்றால் மெஷினேதான். ஃப்ரண்ட் லோடின் ரப்பர் மடிப்பைப் பிரித்துத் துடையுங்கள், டிராயரைக் கழற்றித் தேயுங்கள், டாப் லோடில் பஞ்சு வடிகட்டியைப் பாருங்கள், கீழே இருக்கும் பம்ப் வடிகட்டியையும் மறக்க வேண்டாம். பிறகு துணி இல்லாமல் சிட்ரிக் அமிலம் போட்டுச் சூட்டில் ஒருமுறை ஓட்டுங்கள், சுண்ணாம்பும் சோப்புப் படலமும் கரையும். இதற்கென்று விற்கும் டிரம் பொடிகள் பலவற்றில் இருப்பதும் இதே மாதிரிப் பொருள்தான். கதவை எப்போதும் கொஞ்சம் திறந்து வையுங்கள். துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கினால் கம்ஃபர்ட்டை நிறுத்துங்கள், அது நூலின் மேல் பூசி நிற்பதால் அப்படி ஆகிறது.

அறிகுறி: கரண்ட் பில்லும் சேர்ந்து ஏறியது

ஃப்ரண்ட் லோடில் 60 டிகிரி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக அரை யூனிட் ஆகும், தினம் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 30 யூனிட். நம் ஊரில் தொட்டித் தண்ணீரே இதமான சூட்டில்தான் வருகிறது, என்சைம் உள்ள பவுடர் அதிலேயே வேலை செய்யும். நோயாளியின் படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி, மெஷின் சுத்தம் ஆகியவற்றுக்கு மட்டும் சூடு போதும்.

அறிகுறி: எல்லாம் சரிதான், இருந்தாலும் பவுடர் செலவு குறையவில்லை

இப்போதுதான் கடைக்குப் போக வேண்டும். பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிட்டிருக்கும், அதை ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பாதீர்கள், சில சமயம் சின்ன பாக்கெட்டே கிராமுக்குக் குறைவாக வரும். அதோடு ஒரு துவைப்புக்கு எத்தனை கிராம் என்பதையும் பெருக்குங்கள், கிலோ விலை கூடுதலாக இருந்தாலும் பாதி அளவு போதும் என்றால் அதுதான் மலிவு. லிக்விடுக்கு ரீஃபில் பவுச்சையும் பாட்டிலையும் இதே மாதிரி லிட்டர் விலையில் பாருங்கள். பார் சோப்பை இரண்டாக வெட்டி ஒன்றைக் காய வைத்து, மற்றதைத் தண்ணீர் வடியும் தட்டில் வையுங்கள், ஊறிக் குழைந்து போவதில்தான் பாதி தேய்கிறது.

தெருவில் பழைய குடிநீர் பாட்டிலில் விற்கும் சோப் ஆயிலை வாங்காதீர்கள். அதில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க வழியில்லை, அதைவிட முக்கியம், குழந்தை அதைக் குடிநீர் என்று எடுத்துவிடும். சோப்பைத் துருவிச் சோடா கலந்து வீட்டில் செய்யும் பவுடரும் நம் போர் தண்ணீருக்கு வேண்டாம், சோப்பு என்பதால் கசடாகித் துணியிலும் மெஷினிலும் படியும். வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு பொங்கி அடங்கிவிடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் போதும், அதற்கென்று தனி லிக்விட் வாங்க வேண்டியதில்லை.